பசு கட்டிய இடத்தில் இரண்டு இரவு

ஜெர்மனியின் வெண்ட்லாண்டில், லூஹோ நகரத்துப் பக்கத்தில், ருண்ட்லிங் எனப்படும் வட்ட வடிவ ஊர் ஒன்றில், பழைய பண்ணைவீட்டை விடுதியாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள். மே மாதம் நானும் கணவரும் இரண்டு இரவு தங்கினோம். இரவுக்கு 95 யூரோ, காலை உணவு சேர்த்து. குறைகள் உண்டு. ஆனாலும் மறுபடி போவேன்.

ஊருக்குள் போக ஒரே பாதைதான். அது முடிகிற புல்வெளியைச் சுற்றிக் குதிரை லாடம் போல வீடுகள், எல்லா முகப்பும் நடுவைப் பார்த்தபடி. தோட்டங்கள் பின்பக்கம் விசிறியாக விரிந்து போகின்றன. தேவாலயம்கூட வட்டத்துக்கு வெளியேதான். 12-ஆம் நூற்றாண்டில் வெண்டுகள் என்ற ஸ்லாவிய மக்கள் குடியேறிய ஊர்கள் இவை. அவர்களுடைய பொலாபிய மொழி 18-ஆம் நூற்றாண்டில் பேச ஆளில்லாமல் போனது. ஸூதென் ஊர் விவசாயி யோஹான் பாரும் ஷுல்ட்சே 1725 வாக்கில் எழுதிய குறிப்புகளில் அதன் சொற்கள் கொஞ்சம் பிழைத்திருக்கின்றன. ஊர்ப்பெயர்களிலும்தான்: லூஹோவை எழுதும்போது கடைசியில் ஒரு 'வ்' வரும், வாயில் வராது. நான் அதை அழுத்திச் சொல்லி, பஸ் டிரைவரைச் சிரிக்க வைத்தேன்.

வைக்கோல் வண்டி நுழைகிற உயரத்துக்கு வாசல். மேல் உத்தரத்தில் வீடு கட்டிய தம்பதியின் பெயர்கள், பைபிள் வாசகம். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரையும் செதுக்கியிருந்தது எனக்குப் பிடித்தது. உள்ளே நீண்ட கூடம். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் மாடும் குதிரையும், கடைசியில் திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது. பன்றித் தொடையைப் பதப்படுத்திவிட்டு, பரணில் ஏறி, முகப்பு உச்சியில் இருக்கும் ஓட்டை வழியாகப் புகை வெளியேறுமாம். வீட்டுக்காரம்மா டார்ச் அடித்துக் காட்டினார். கறுத்த மரத்தைத் தடவிப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டவில்லை, வார்னிஷ் அடித்தது போல வழவழவென்றிருந்தது.

எங்கள் அறை பசுக்கள் நின்ற இடம். கட்டுவளையத்தில் இப்போது துண்டு தொங்குகிறது. உத்தரமும் பசுவின் உயரத்துக்குத்தான். கணவர் இரண்டு முறை இடித்துக்கொண்ட பிறகுதான் அதில் ஆட்டுத்தோல் கட்டினார்கள். திரைச்சீலை மெல்லியது, எதிர்வீடு நம்மையே பார்க்கிறது. இரவுச் சாப்பாடு கிடையாது. காலையில் ரை தானிய ரொட்டியும் ஆப்பிள் ஜாமும் அருமை.

அப்புறம், கார் இல்லாமல் போகாதீர்கள். ரயில் டானன்பெர்க்கோடு சரி. ஞாயிறு காலை நாங்கள் நம்பியிருந்த பஸ் வரவேயில்லை, வீட்டுக்காரம்மாதான் காரில் கொண்டுவிட்டார். வழியில் கொட்டகைகளில் மஞ்சள் பெருக்கல் குறிகள். 1977-இல் கோர்லேபனில் அணுக்கழிவைப் புதைக்க இடம் குறித்ததை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் அடையாளம் அது. 2020-இல் அந்த இடத்தைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டார்கள். உங்கள் கொட்டகைக் குறியை எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டேன். போன வாரம்தான் புதுசாகப் பெயின்ட் அடித்தேன் என்றார்.