கிரீன் பே வழியா, டென்வர் வழியா?

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் நட்சத்திர குவாட்டர்பேக்குக்கு வயதாகும்போது அணிக்கு முன்னால் நிற்கும் பெரிய வழிகள் இரண்டு: வாரிசை முன்கூட்டியே வளர்ப்பது, அல்லது பேர்பெற்ற மூத்த வீரரை வெளியிலிருந்து அழைத்துவருவது.

முதல் வழிக்கு கிரீன் பே பேக்கர்ஸைத்தான் சொல்ல வேண்டும். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2005இல், இளம் குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் மணிக்கணக்காகக் காத்திருந்தார். அவருக்கு முன் 23 பெயர்கள் அழைக்கப்பட்டன. தன் மூத்த குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே பேக்கர்ஸ் ராட்ஜர்ஸை எடுத்து, மூன்று பருவங்கள் பெஞ்சில் உட்காரவைத்தது. 2008 மார்ச்சில் கண்ணீருடன் ஓய்வை அறிவித்த ஃபாவ்ர், சில மாதங்களில் மனம் மாறித் திரும்பினார். ரசிகர்கள் கொதித்தார்கள், நிர்வாகம் அசையவில்லை, அவரை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அனுப்பியது. அந்த நெஞ்சுரத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2010 பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ராட்ஜர்ஸ் வென்று தந்தார். பிறகு அவருக்கே வாரிசாக ஜோர்டன் லவ் 2020இல் வந்தார்.

இரண்டாம் வழிக்கு டென்வர் பிராங்கோஸ். 2012இல் அது மூத்த குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கை அழைத்துவந்தது. பலன் உடனே கிடைத்தது: 2013 பருவத்தில் 55 டச்டவுன் பாஸ்கள் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிகள்), லீக் சாதனை. 50ஆவது சூப்பர் பௌலில் அவர் எறிந்தது வெறும் 141 கெஜம். கோப்பையை வென்றது தடுப்பாட்டம். அடுத்த மாதமே, 39 வயதில், ஓய்வு பெற்றார்.

கோப்பை கோப்பைதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் வாக்கு கிரீன் பேக்கே. மேனிங்குக்குப் பின் டென்வர் எடுத்த பாக்ஸ்டன் லிஞ்ச் தொடக்க வீரராக ஆடியது நான்கே ஆட்டங்கள். பெரும் விலை கொடுத்து 2022இல் வாங்கிய ரஸல் வில்சனும் இரண்டு பருவங்களில் வெளியேறினார். 2024இல்தான் போ நிக்ஸை டிராஃப்டில் எடுத்தார்கள்.