மத ஐயத்தைச் சொல்லக் கவிதையா, ஓவியமா?

மத நம்பிக்கை தளரும்போது எழும் ஐயத்தைக் கவிதையாக்குவதா, ஓவியமாக்குவதா என்று தயங்குவோர்க்காக இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

செலவு: கவிதைக்குத் தாளும் பேனாவும் போதும்; எண்ணெய் வண்ண ஓவியத்திற்குத் துணி, வண்ணம், தூரிகை, உலர்வதற்கான நாட்கள் எல்லாம் வேண்டும்.

தெளிவு: வேண்டியும் விடை வரவில்லை என்பதைக் கவிதை நேராகச் சொல்லிவிடும், ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பிரித்தெடுத்து உங்களை நாத்திகர் என்று முத்திரை குத்துவதும் எளிது; ஓவியத்திலோ பாதி அழிக்கப்பட்ட ஒரு முகம் மறுப்பாகவும் ஏக்கமாகவும் ஒரே நேரத்தில் நிற்கும், ஐயத்தின் உண்மையான இயல்பும் அதுவே என்று கருதுகிறேன்.

திருத்தம்: உலர்ந்த வண்ணத்தின்மேல் மீண்டும் தீட்டலாம், அடியிலுள்ள அடுக்கும் அழியாது, மாறிக்கொண்டிருக்கும் மனத்திற்கு அது ஆறுதல்.

கேள்வியை நெருங்கியவர்களிடம் நேரடியாக வைக்க விரும்புவோர் கவிதையைத் தேர்ந்தெடுக்கலாம்; இன்னும் விடை தேடுவோர்க்கு ஓவியமே பொருந்தும்.