ஆயிரத்து நூறு மின்னூலும் ஒரு காலிபரும்

ரோஜா முத்தையா சுமார் ஒரு லட்சம் நூல், இதழ், நோட்டீஸ் என்று தேடித் தேடிச் சேர்த்த கோட்டையூரில் உட்கார்ந்துகொண்டு, வெறும் 1,100 மின்னூலை அடுக்கத் தெரியாமல் முழித்தேன் என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பாதி, தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இறக்கியவை, மீதி அங்கங்கே வாங்கியவை.

காலிபர், மின்னூல்களை அடுக்கிப் பராமரிக்க 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். ஃபார்மட் மாற்ற மட்டும்தான் அதைத் திறப்பேன். விர்ச்சுவல் லைப்ரரி பக்கம் இந்த ஆடியில்தான் போனேன். ஒரு தேடலை எழுதிப் பெயர் வைத்துவிட்டால் சரி, அதற்குப் பொருந்தும் புத்தகம் எப்போது வந்தாலும் தானே அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்பத்தாவின் பித்தளை அண்டா சாமான் அறையில் இருந்தால் இரண்டாங்கட்டில் இருக்காது. இங்கே ஒரே புத்தகம் 'நகரத்தார்', 'பர்மா', 'படிக்காதவை' மூன்றிலும் இருக்கிறது.

முதலில் சொதப்பினேன். டேகில், அதாவது புத்தகத்துக்கு ஒட்டும் அடையாளச் சொல்லில், 'கதை' என்று தேடக் கொடுத்தால் சிறுகதை, தொடர்கதை, கதைப்பாடல் எல்லாம் கூட்டமாக வந்து நின்றன. அந்த எழுத்துகள் எங்கே ஒட்டியிருந்தாலும் எடுத்துவிடும். சொல்லுக்கு முன்னால் ஒரு சமக்குறி போட்டால்தான் அதை மட்டும் எடுக்கும். அப்புறம், ஒரே ஆசிரியர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருந்ததைத் திருத்தவே மூன்று ராத்திரி போனது. அந்த வேலையை விர்ச்சுவல் லைப்ரரி நமக்காகச் செய்யாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோபோ என்ற மின்னூல் வாசிப்புக் கருவியோடு சேர்த்தபோதுதான். விர்ச்சுவல் லைப்ரரி கணினியோடு நின்றுவிடும், கருவிக்குப் போகாது. ஆனால் காலிபரின் புத்தகப் பட்டியலில், பிற பத்திகளிலிருந்து (காலம்களிலிருந்து) உருவாகும் பத்தி ஒன்றைச் சேர்த்து, புத்தகம் எந்தெந்த லைப்ரரியில் இருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷனை (காலிபரில் உள்ள சிறு கட்டளையை) அதில் எழுதி, அந்தப் பத்தியையே கோபோ அமைப்பில் கலெக்ஷனுக்கு (கருவியில் புத்தகங்களைப் பிரித்து வைக்கும் தொகுப்புக்கு) கொடுத்தால், என் விதிகள் அப்படியே கலெக்ஷன்களாகக் கருவியில் இறங்கிவிடுகின்றன!

படித்து முடித்தவை மட்டும் கருவியில் 'படிக்காதவை'யை விட்டுப் போகவே இல்லை, ஒரு வாரம் மண்டை காய்ந்தது. கருவிக்கு அனுப்பும் அமைப்பில் மெட்டாடேட்டா (புத்தக விவரங்கள்) மேலாண்மை 'மேனுவல்' என்று இருந்திருக்கிறது. அதில் காலிபர் புத்தகம் அனுப்பும்போது கலெக்ஷனில் சேர்க்கும், எதையும் அதிலிருந்து நீக்காது. 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிட்டுக் கேபிளைச் செருகினேன், நாற்பது புத்தகம் ஒரே நேரத்தில் வெளியேறின.

மெனுக்களைப் பார்த்தால் முதல் நாள் தலை சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய கிண்டில் வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல் லைப்ரரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், அதில் காலிபரால் கலெக்ஷன் போட முடியாது.