டயர்களை இடம் மாற்றிய பின் டி.பி.எம்.எஸ்.: பொத்தானா, கருவியா, தானாகவா?

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுவது கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய வேலை. முன்சக்கர இழுவை கொண்ட கார் என்றால் முன்டயர்கள் இரண்டும் நேராகப் பின்னுக்குப் போகும். பின்டயர்கள் குறுக்காக மாறி முன்னுக்கு வரும். நட்டுகளை முறுக்கி, ஜாக்கியை இறக்கியதும் பில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். வசதி உள்ள கார்களில் அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கலாம். நேற்றுவரை இடப்பக்க முன்டயராக இருந்தது இன்று இடப்பக்கப் பின்டயர். இந்த மாற்றம் காருக்குத் தெரியாவிட்டால், பின்டயரில் ஆணி ஏறியிருக்கும்போது டேஷ்போர்டு முன்டயரைக் காட்டும். இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்திவிட்டு, கோளாறே இல்லாத டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

இதைக் காருக்குத் தெரிவிக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. சில கார்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிலவற்றில் கையடக்கக் கருவியோடு நான்கு சக்கரங்களையும் சுற்றிவர வேண்டும். சிலவற்றில் காரே கண்டுபிடித்துக்கொள்ளும். மிகவும் எளிதாகத் தோன்றும் பொத்தான் முறைதான் மிகவும் எளிதாகத் தவறிப்போகிறது என்பது என் கருத்து. அந்தப் பொத்தான் எதையும் அளப்பதில்லை. ‘இப்போது இருப்பதே சரியான அழுத்தம்’ என்று நாம் சொல்வதை அப்படியே நம்பி எழுதிக்கொள்கிறது.

டயருக்குள் எதுவும் இல்லாத முறை

ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக், அமெரிக்காவில் விற்கும் ஹோண்டா சிவிக் போன்ற கார்களில் டயருக்குள் சென்சார் கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வேக சென்சாரையே இந்த வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். காற்று குறைந்த டயர் சற்றே அமுங்கும்; அதன் உருளும் ஆரம் சுருங்கும்; அதே தூரத்தைக் கடக்க அது மற்ற டயர்களைவிடக் கூடுதலாகச் சுழல வேண்டும். அந்த வேறுபாட்டைத்தான் கணினி தேடுகிறது. தொடக்கத்தில் வந்த அமைப்புகள் டயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டதோடு நின்றன. நான்கிலும் ஒரே சீராகக் காற்று இறங்கினால் அவற்றுக்குத் தெரியாது. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டித் தொடுத்த வழக்கில், அத்தகைய அமைப்பை அனுமதித்த விதியை 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது. இப்போதுள்ளவை சக்கரத்தின் அதிர்வையும் சேர்த்துப் பகுத்தாய்வதால் அந்த ஓட்டை பெருமளவு அடைபட்டுவிட்டது.

டயர்களை இடம் மாற்றிய பின் இத்தகைய காரில் செய்ய வேண்டியது, தொடுதிரையில் டயர் பக்கத்துக்குப் போய் அழுத்தத்தைச் சேமிக்கச் சொல்வது மட்டும்தான். பிறகு ஓட்ட ஓட்டக் கார் கற்றுக்கொள்ளும். ஹோண்டாவின் கையேடு இதற்குச் சுமார் 30 நிமிட ஓட்டம் தேவை என்கிறது. ஒரே மூச்சில் ஓட்ட வேண்டியதில்லை, விட்டுவிட்டு ஓட்டினாலும் கணக்கில் சேரும். பேட்டரி இல்லை, மாற்ற வேண்டிய உதிரிபாகம் இல்லை, செலவு இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது? 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர்களில் 24 மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை விளக்கு எரிகிறது. டயரைக் கழற்றி மாட்டியவர், விளக்கை அணைப்பதற்காகக் காற்று பிடிக்காமலேயே பொத்தானை அழுத்திவிடுகிறார். விளக்கு அணைந்துவிடும். இனிமேல் காருக்கு 24-தான் சரியான அளவு. அதிலிருந்தும் கால் பங்கு குறைந்தால்தான் குரல் கொடுக்கும் என்றால், ஏறத்தாழ 18 பி.எஸ்.ஐ. வரை அது வாய் திறக்காது. அந்த நிலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். வெயில் கொளுத்தும் சாலையில் டயர் வெடிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். ஓட்டுநருக்கோ எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

டொயோட்டாவின் பழைய கார்கள் பலவற்றிலும் இதே ஆபத்து உண்டு. அவற்றில் டயருக்குள் நிஜமான சென்சார் இருக்கிறது. ஆனால் எந்த டயரில் எவ்வளவு என்று காட்டாது, ஒரே ஒரு விளக்கு மட்டும்தான். எனவே டயர் எங்கே இருக்கிறது என்ற கவலையும் அதற்கு இல்லை. முன், பின் டயர்களுக்கு ஒரே அழுத்தம் என்றால், இடம் மாற்றிய பின் எதையும் தொட வேண்டாம். இரண்டுக்கும் வெவ்வேறு அழுத்தம் பரிந்துரைக்கப்பட்ட கார்களில் மட்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பொத்தானை, விளக்கு மெதுவாக மூன்று முறை கண்சிமிட்டும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது இருக்கும் அழுத்தத்தை வைத்தே எச்சரிக்கை எல்லை குறிக்கப்படுகிறது. ஆக, சென்சார் உள்ளே இருந்தாலும் பொத்தானின் பலவீனம் அங்கேயும் தொடர்கிறது.

கருவியோடு சக்கரங்களைச் சுற்றிவருவது

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஷெவர்லே, ஜி.எம்.சி. கார்கள் அமெரிக்காவில் பின்பற்றும் முறை இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு டயருக்குள்ளும் வால்வோடு சேர்த்துப் பொருத்திய சென்சாருக்குத் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த மூலையில் இருக்கிறது என்று காருக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காரை நிறுத்தி, டேஷ்போர்டு பட்டியல் வழியாகவோ, சாவியில் பூட்டு, திறப்புப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியோ கற்றல் நிலைக்குப் போக வேண்டும். எந்த வழி என்பது மாடலைப் பொறுத்தது. ஹாரன் இரண்டு முறை ஒலிக்கும். ஓட்டுநர் பக்க முன் இண்டிகேட்டர் எரியும். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் இடப்பக்க முன்டயரில் தொடங்க வேண்டும். சிறிய கைக்கருவியை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கச்சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், தாழ்ந்த அலைவரிசை சமிக்ஞை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் சென்சாரை எழுப்பும். அது தன் எண்ணைச் சொல்லும். ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். அடுத்த மூலையின் விளக்கு எரியும். வலப்பக்க முன்டயர், வலப்பக்கப் பின்டயர், இடப்பக்கப் பின்டயர் என்று கடிகார முள் போகும் திசையில் சுற்றிவர வேண்டும். முதல் டயருக்கு இரண்டு நிமிடம், நான்குக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் அவகாசம். தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

பழைய மாடல்களில் கருவி இல்லாமலும் செய்ய வழி இருந்தது. வால்வை அழுத்திச் சில நொடிகள் காற்றை வெளியேற்றினால், அழுத்தம் மாறுவதை உணர்ந்து சென்சார் விழித்துக்கொள்ளும். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சரியாக அளந்து பிடித்த காற்றை நான்கு டயர்களிலிருந்தும் இறக்கிவிட்டு, மீண்டும் நான்குக்கும் பிடிக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் எளிய கருவிக்குப் பெரிய விலை இல்லை. வீட்டிலேயே டயர் மாற்றுபவர் ஒன்று வாங்கி ஸ்பேனர் பெட்டியில் போட்டுவைப்பதே மேல்.

இந்த முறை அலுப்பானதுதான். ஆனாலும் எனக்கு இதன் மேல் மதிப்பு உண்டு. ஒவ்வொரு டயர் அருகிலும் போய் நிற்க வைக்கிறது. குனிந்தால் ஆணியும் கண்ணில் படும், பக்கச்சுவர் வீக்கமும் படும். முக்கியமாக, கருவி சொல்லிக்கொடுப்பது இடத்தை மட்டுமே. ‘எவ்வளவு காற்று சரி’ என்ற எல்லை நாம் அந்த நேரத்தில் விட்டுவைத்த அழுத்தத்தை வைத்து மாறுவதில்லை. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும், 33 பி.எஸ்.ஐ. கார் என்றால் சுமார் 25-க்கு வரும்போது. ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை உரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் கவிழ்ந்த விபத்துகளை அடுத்து, 2000-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட டிரெட் சட்டத்திலிருந்து பிறந்த விதி அது.

வேறு சில கார்களில் நிலைமை இன்னும் கடினம். கைக்கருவி போதாது, ஸ்கேனரால் நான்கு எண்களையும் படித்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள, கோளாறு கண்டறிவதற்கான ஓ.பி.டி. இணைப்பு வழியாகக் காரின் கணினியில் எழுத வேண்டும். டயர் இடம் மாற்றுவதற்காக மட்டும் அந்த ஸ்கேனரை வாங்குவது வீண். ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம்.

தானாகக் கற்றுக்கொள்ளும் கார்

மூன்றாவது முறையில் எதையும் அழுத்த வேண்டாம், ஓட்டினால் போதும். கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது மிக நேர்த்தியான பொறியியல்.

முந்தைய அமைப்புகளில் சென்சாருக்குள் இருக்கும், அசைவை உணரும் முடுக்கமானி, சக்கரம் சுழலும் திசையை வைத்துத் தான் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லிவிடும். முன்னா பின்னா என்பதை ரேடியோ அலையின் வலிமை காட்டிக்கொடுக்கும். அந்த அலையைப் பெறும் ஏற்பி முன், பின் அச்சுகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கிருந்து வரும் சமிக்ஞை ஓங்கி ஒலிக்கும்.

புதியவை இன்னும் கூர்மையானவை. சுழற்சியில் தான் உச்சியில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்பதைப் புவியீர்ப்பைக் கொண்டே சென்சார் அறியும். ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஒரே கோணத்துக்கு வரும்போது மட்டும் அது செய்தி அனுப்பும். அந்தக் கணத்தில் கார், சக்கர வேகத்தை அளக்க ஒவ்வொரு சக்கரத்தோடும் சுழலும் பல் வைத்த ஏ.பி.எஸ். வளையங்கள் நான்கிலும் எந்தப் பல் கடந்துகொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். வளைவுகளில் வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் சுழலும், உட்பக்கச் சக்கரம் குறைவாகச் சுழலும். அதனால் சில நிமிடங்களில் நான்கின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிவிடும். அந்த சென்சாரின் செய்தி வரும்போதெல்லாம் எந்த வளையத்தில் மட்டும் அதே பல் நிற்கிறதோ, அந்தச் சக்கரம்தான் அதன் வீடு.

வசதி என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் பொறுமை வேண்டும். பொதுவாகக் கார் கொஞ்ச நேரம் நின்ற பிறகு தொடங்கும் ஓட்டத்தில்தான் தேடல் தொடங்கும். ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து கிளம்பிய உடனே பழைய இடங்களையே காட்டினால் பதற வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் மாறாவிட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்றைத் தானியங்கி முறையாலும் செய்ய முடியாது. டயர் இடம் மாறும்போது அதற்குள் இருக்கும் காற்றும் கூடவே இடம் மாறுகிறது. முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று பரிந்துரைக்கப்பட்ட காரில், இடம் மாற்றிய நொடியிலேயே நான்கு டயர்களிலும் தப்பான அழுத்தம்தான் இருக்கும். இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்காக எந்த அமைப்பும் விளக்கைப் போடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, அளவியை வைத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதையும் டயர் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை மாறும், ஓடி வந்த சூட்டில் 33 காட்டும் டயர் மறுநாள் காலையில் 30-க்கு வந்துவிடலாம்.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிப் பொருத்தும், கடையில் வாங்கும் வெளிப்புற சென்சாரைப் பற்றியும் கேட்பார்கள். இடம் மாற்றும் விஷயத்தில் அதுவே எல்லாவற்றையும்விடச் சுலபம். ஒவ்வொரு மூடியிலும் அதன் இடம் எழுதியிருக்கும். கழற்றி, எழுதியிருக்கும் மூலையிலேயே மீண்டும் திருகிவிட்டால் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை காற்று பிடிக்கும்போதும் பூட்டு நட்டைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். நிறுத்துமிடத்தில் திருடு போகவும் வாய்ப்புண்டு.

எனவே என் தேர்வு இதுதான். புதிதாகக் கார் வாங்குபவர், நான்கு டயர்களின் அழுத்தத்தையும் எண்ணால் காட்டி, இடத்தைத் தானாகக் கற்றுக்கொள்ளும் காரை எடுப்பது நல்லது. ஏற்கெனவே கருவி தேவைப்படும் கார் வைத்திருப்பவர் வருத்தப்பட ஒன்றுமில்லை; ஐந்து நிமிட வேலை. பொத்தான் முறைக் காரை வைத்திருப்பவருக்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும். அளவியால் நான்கு டயர்களையும் பார்த்து, காற்று பிடித்து, அதன் பிறகே பொத்தானைத் தொட வேண்டும். அதை ஒர்க்‌ஷாப் பையனிடம் விடாமல் நீங்களே அழுத்துங்கள்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களைச் சுழற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் ஸ்டெப்னியில் சென்சார் இருக்காது. அதை ஒரு மூலையில் மாட்டினால், வண்டியைக் கிளப்பியதும் எச்சரிக்கை விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரியும். தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிந்தால் காற்று குறைவு. சிமிட்டிவிட்டு எரிந்தால் அமைப்பிலேயே கோளாறு. இரண்டாவதற்கு எந்தப் பொத்தானும் மருந்தல்ல. ஸ்டெப்னியை மாட்டாமலே இப்படிச் சிமிட்டினால், வண்டியின் வயதைப் பாருங்கள். சென்சாருக்குள் அடைத்து மூடிய பேட்டரி பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுதான் வரும். அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது. ஒரு சென்சார் ஓய்ந்துவிட்டால் மற்ற மூன்றும் அதே வயதுதான். அடுத்த முறை புது டயர் போடும்போது நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டால், ரிம்மிலிருந்து டயரைக் கழற்றும் கூலி ஒருமுறையோடு போகும்.