பத்தமடைப் பாய் ஆர்டருக்கு டிரூபல் வெப்ஃபார்ம் சரிவருமா?

டிரூபல் என்பது இணையதளம் கட்டும் மென்பொருள், வெப்ஃபார்ம் அதில் படிவம் கட்டச் சேர்க்கும் மாட்யூல். பெயர், போன் நம்பர், நாலு வரிச் செய்தி. இவ்வளவுதான் வேண்டும் என்றால் வெப்ஃபார்ம் பக்கமே போகாதீர்கள், அது சுமை. பத்தமடைப் பாய் ஆர்டர் எடுப்பது வேறு கதை. கல்யாணப் பாய் என்றால் பொண்ணு மாப்பிள்ளை பெயர், முகூர்த்தத் தேதி எல்லாம் நெய்ய வேண்டும். சாதாரணப் பாய்க்கு அளவும் எண்ணிக்கையும் போதும். இந்த மாதிரி இடத்தில்தான் இந்த மாட்யூல் தன் வேலையைக் காட்டுகிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் ‘கண்டிஷன்ஸ்’ என்று ஒரு டேப் உண்டு. பாய் வகை ‘கல்யாணப் பாய்’ என்றால் மட்டும் பெயர்க் கட்டங்கள் தெரியட்டும், கட்டாயமும் ஆகட்டும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். இந்த விதியைப் பிரவுசரோடு விடாமல் சர்வரிலும் சரிபார்க்கிறது. மறைந்த கட்டத்தின் மதிப்பை அழித்துவிடுவது இயல்பான அமைப்பு, அதை அப்படியே விடுங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் மனம் மாறிச் சாதாரணப் பாய்க்குத் திரும்பினாலும் பழைய பெயர் ஆர்டரில் ஒட்டிக்கொண்டு வரும். அனுப்பும் முன் பதிலைக் காட்டும் ‘பிரிவ்யூ’வையும் கட்டாயமாக்குங்கள், நெய்த எழுத்துப் பிழையை யாரும் திருத்த முடியாது.

பெயருக்கு நீள வரம்பு வைப்பவர்கள் அடிக்கடி தவறுவது ஒன்று. ‘முத்துலட்சுமி’ கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 13. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். தறியில் 12 எழுத்துதான் இடம் என்று கட்டத்திலும் 12 போட்டால் முத்துலட்சுமி முழுதாக ஏறாது. வரம்பை 30 ஆக்கி, எழுத்துக் கணக்கைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வதுதான் சரி.

ஆயத்தமாக வரும் பெயர், முகவரிக் கட்டத் தொகுப்புகள் நம்மவருக்குப் பொருந்தா. பெயர்த் தொகுப்பில் முதல், நடு, கடைப் பெயர் என்று போகும். நமக்கு இனிஷியலும் பெயரும் போதும். முகவரியில் மாநிலம் என்றால் அமெரிக்க மாநிலங்கள் வந்து நிற்கும். ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு என்று நீங்களே கட்டுங்கள். பின்கோட்டின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தைத் தானாக நிரப்பவும் நினைக்காதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது, ஆனால் திருநெல்வேலிக்கும் 627, தென்காசிக்கும் 627.

மாவட்டப் பட்டியலை ஒருமுறை ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் சேமித்தால் எல்லாப் படிவத்திலும் பயன்படும். சேமிப்பில் போவது பட்டியலின் கீ, அதாவது உள்ளே பயன்படும் அடையாளச் சொல். பார்வைக்குத் தெரியும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கீயைத் தொடவே கூடாது. கேள்விகளுக்கும் இதே விதி. தமிழில் தலைப்பு கொடுத்தால் கீ வாய்க்குள் நுழையாத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தானே உருவாகும். சேமிக்கும் முன்பே சிறியதாக ஒன்றை நீங்கள் கொடுத்துவிடுங்கள். பிறகு படிவத்தின் மூல வரிகளில் (சோர்ஸ்) போய் மாற்றினால் பழைய பதில்கள் கேள்வியிலிருந்து துண்டாகிவிடும்.

ஒரே ஆர்டரில் பல பாய் என்றால் ‘கஸ்டம் காம்போசிட்’ போடுங்கள்: வகை, அளவு, எண்ணிக்கை வரிவரியாகச் சேரும். ஆனால் அது அந்த ஒரு படிவத்துக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது படிவத்துக்கும் தேவை வந்தால் பிளகின்னாக (செருகிக்கொள்ளும் தனி நிரல்) எழுதிவிடுவது மேல். விரிவாக்கத்தில் எனக்கு இதில் மிகப் பிடித்தது, கேள்வி வகை ஒரு பிளகின், பதில் வந்தபின் நடக்கும் வேலை இன்னொரு பிளகின் என்று பிரித்து வைத்திருப்பது. இந்த இரண்டாவது வகைக்கு ஹேண்ட்லர் என்று பெயர். எஸ்எம்எஸ் அனுப்ப, பதிலை வேறொரு சர்வருக்குத் தள்ளும் ‘ரிமோட் போஸ்ட்’ ஹேண்ட்லரைச் சேர்த்தால் படிவத்தைத் தொட வேண்டியதில்லை. அந்த எஸ்எம்எஸ் சர்வர் படுத்திருந்தாலும் ஆர்டர் சேமிக்கப்பட்டிருக்கும்.

மெயில் ஸ்பேமில் விழுந்தால் ‘அனுப்புநர்’ கட்டத்தைப் பாருங்கள். அங்கே வாடிக்கையாளர் முகவரி இருக்கக் கூடாது. உங்கள் டொமைன் முகவரி இருக்கட்டும், வாடிக்கையாளர் ‘ரிப்ளை டூ’வில் போகட்டும். டிசைன் போட்டோ ஏற மறுத்தால் டிரூபல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி-யின் இயல்பு வரம்பான 2 எம்பி காரணமாக இருக்கலாம். கோப்புகளுக்கு வெளியார் நேரடியாகத் திறக்க முடியாத ‘பிரைவேட்’ கோப்புறைப் பாதையை முதலிலேயே அமைக்க வேண்டும். பதில்களைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கும்போது எக்செலுக்கு ஏற்ற கோப்பு என்ற தேர்வை டிக் செய்யாவிட்டால் தமிழ் புரியாத குறிகளாகத் திறக்கும்.

குறை, எளிமை இல்லாததுதான். கேள்வி சேர்க்கப் போனால் வகைகளே திரையை அடைத்துவிடுகின்றன. கடை அண்ணாச்சியை அங்கே உட்கார வைத்தால் ஒரே நாளில் வெறுத்துவிடுவார். அமைப்புகளில் வேண்டாத வகைகளை அணைத்து எழுத்து, தேர்வு, தேதி, கோப்பு, போன் போன்ற பத்தை மட்டும் விடுங்கள். அண்ணாச்சிக்குப் பதில்களைப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள், கட்டும் உரிமை வேண்டாம்.