பேரிடர் பாடம் படிக்க எங்கே போவது? சிகாமட்டிலிருந்து ஓர் அலசல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், பூலோ காசாப் பக்கம் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன பிள்ளைகள் இப்போது வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டங்களைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். தாதி, ஆசிரியர், வடிகால் இலாகா டெக்னீசியன், செம்பனைத் தோட்டத்து அசிஸ்டன்ட் என்று எல்லாத் தரப்பும் உண்டு. பேரிடர் மேலாண்மை என்ற தலைப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று சிகாமட் ஆறு ஊரை முடக்கிய தேதிகள் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். 2023-இல் ஜொகூரில் மட்டும் 40,000 பேருக்கு மேல் துயர் துடைப்பு மையங்களில் படுத்தார்கள். அது போதாதென்று 2025 ஆகஸ்ட் 24 விடியற்காலை 4.1 அளவில் நிலமும் ஆடியது. நில நடுக்கமெல்லாம் சுமத்ராக்காரர்கள் பாடு என்று இருந்த ஊர் இது.

எந்த நாட்டுக்குப் போனாலும் சான்றிதழ் கிடைக்கும், படமும் கிடைக்கும். நான் பார்ப்பது வேறு. போய்விட்டு வந்தவர் அடுத்த பருவமழைக்குள் ஒரு லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாமானிலோ (வீடமைப்புப் பகுதி) எதைச் செய்து காட்ட முடியும்?

எல்லார் வாயிலும் முதலில் வருவது ஜப்பான். வாய்ப்பும் அங்கேதான் அதிகம். 2007-இல் ஜப்பானிய அரசு தொடங்கிய ஜெனிசிஸ் பரிமாற்றத் திட்டம் இளைஞர்களைக் குறுகிய காலத்துக்குக் கூட்டிப் போகிறது. ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் பயிற்சிகள் நீளமானவை, ஆனால் அரசாங்கத்தின் வழியாகத்தான் மனு போக வேண்டும். கோபேயில் 1998 முதல் இயங்கும் ஆசியப் பேரிடர் தணிப்பு மையம், உறுப்பு நாட்டு அதிகாரிகளை ஆய்வாளராக அழைத்து வைத்துக்கொள்கிறது. அரசு ஊழியருக்கு இது நல்ல இடம். தனியார் தோட்டத்தில் இருப்பவருக்கு எட்டாது.

ஜப்பானுக்குப் போகிறவர்கள் தோக்கியோவுக்கு வடக்கே உள்ள வெள்ள வடிகால் சுரங்கத்தைப் பார்க்காமல் வருவதில்லை. நிலத்துக்கு 50 மீட்டர் கீழே, 6.3 கிலோமீட்டர் நீளம், கோயில் மண்டபம் மாதிரி தூண்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் சிகாமட்டுக்கு அப்படி ஒன்றை யார் வெட்டித் தரப்போகிறார்கள்? நான் சொல்வது வடகிழக்கு ஜப்பானின் கடலோர ஊரான கமாய்ஷி. அந்த ஊர்க் குடாவில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவரைக் கட்டி முடிக்க ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. 2009-இல் முடிந்தது, 2011 மார்ச் 11 சுனாமியில் உடைந்தது. அதே நாளில் ஊரின் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர எல்லாரும் பிழைத்தார்கள். இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் ஒதுங்கிய இடம் போதாது என்று பட்டதும் இன்னும் மேலே ஏறினார்கள். அந்த முதல் இடத்தைத் தண்ணீர் பிறகு மூடியது. வருடக்கணக்காகப் பள்ளியில் நடந்த பயிற்சி அது. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கற்று வரவேண்டிய பாடம் இதுதான்.

இன்னொன்று, துயர் துடைப்பு மையத்தை நடத்தப் பழக்கும் ஹக் என்ற அட்டை விளையாட்டு. ஷிசுவோக்கா மாநிலம் 2007-இல் உருவாக்கியது. மேசைமேல் பள்ளி மண்டபத்தின் வரைபடம் இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் வந்து இறங்கும் ஒருவரின் விவரம்: கைக்குழந்தைக்காரி, நாயோடு வந்தவர், நடக்க முடியாத பெரியவர். அட்டைகள் சரசரவென்று விழுந்துகொண்டே இருக்கும், யாரை எங்கே உட்கார வைப்பது என்று ஆடுகிறவர் உடனுக்குடன் முடிவு சொல்ல வேண்டும். இதை நம் ஊருக்கு மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். டயாலிசிஸ் தேதி தவறக் கூடாத தாத்தா, சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடும் பாட்டி, தொழுகைக்கு இடம் கேட்கும் குடும்பம் என்று அட்டையை நாமே எழுதிக்கொள்ளலாம். துயர் துடைப்பு மையத்தில் ஒரு ராத்திரி வேலை செய்தவருக்கு இதன் அருமை உடனே தெரியும்.

நெதர்லாந்தைச் சிலர் சொல்கிறார்கள். 1953 வெள்ளத்தில் 1,800-க்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாடு, பிற்பாடு கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விடவும் பழகிக்கொண்டது. வடிகால் இலாகா எஞ்சினியர் என்றால் போய்ப் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு அது படித்தாலே போதுமான சங்கதி.

மற்ற நாட்டவருக்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் ஐடெக் திட்டம் 1964-இலிருந்து நடக்கிறது. விமான டிக்கெட், தங்குமிடம், கட்டணம் எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் வகுப்பறை நேரம் அதிகம், பவர்பாயின்ட் அதிகம். அதோடு நிறுத்தினால் பாதிப் பயணம் வீண். ஒடிசாவை நேரில் பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். 1999 சூப்பர் புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் சாவு சில பத்துகளுக்குள் அடங்கியது. நடுவில் இருந்த பதினான்கு வருடத்தில் நடந்த வேலையைத்தான் கேட்டு வர வேண்டும்: பாதுகாப்பு மண்டபம், கிராமக் குழு, ஒத்திகை.

தமிழ் பேசுகிறவருக்கு இந்தியாவில் இன்னொரு வசதி. புதுச்சேரிக்குப் பக்கத்து மீனவ கிராமமான நல்லவாட்டில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையமும் ஒலிபெருக்கியும் வைத்துக் கொடுத்திருந்தது. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்ப் பையன் ஒருவர் செய்தி கேட்டுப் போன் அடித்தார். மையத்து ஒலிபெருக்கி அலறியது, ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்த மக்களிடமே உட்கார்ந்து கேட்கலாம்.

இனி வங்காளதேசம். இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், எனக்கோ இதுதான் முதலிடம். 1970 போலா புயல் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அரசும் செம்பிறைச் சங்கமும் (ரெட் கிரசென்ட்) சேர்ந்து அமைத்த புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். கையில் இருப்பது மெகாபோன், சைரன், கொடி. ஆபத்து கூடக் கூட ஒரு கொடி இரண்டாகும், இரண்டு மூன்றாகும். தொண்டர் வீடு வீடாகப் போவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஏற்பாடு.

நம் குறை எங்கே இருக்கிறது? ஆற்று மட்டம் வாஸ்பாடாவா (கவனம்), அமாரானா (எச்சரிக்கை), பஹாயாவா (அபாயம்) என்று இன்ஃபோ பஞ்சிர் என்ற வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் தெரிகிறது. அந்தத் தகவல் லயத்துக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டுகிறதா என்பதுதான் கேள்வி. தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் டவுனுக்குப் போன பிறகு, லயங்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். மலாயில் வரும் அறிவிப்பு அவர்களில் பலருக்கு எட்டாது. வங்காளதேசத்தின் பரிசாலிலிருந்தோ காக்ஸ் பஜாரிலிருந்தோ வந்தவர் அங்கே இருந்தால், கொடி எப்படி ஏறும், யார் வந்து தட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். முதல் பாடம் டிக்கெட் செலவில்லாமல் முடிந்துவிடும்.

சிக்கல், வங்காளதேசத்துக்கு வாசல் குறுகல். செம்பிறைச் சங்கத்தில் தொண்டராக இருப்பவருக்குத்தான் சங்கத்துக்குச் சங்கம் தொடர்பு வழியாக ஏதாவது அமையும். அதனால் நடைமுறையில் பெரும்பாலோர் ஜப்பானுக்கோ இந்தியாவுக்கோதான் போவார்கள். தப்பில்லை. ஆசிரியரும் தாதியும் ஜப்பானுக்கு எழுதுங்கள். நேர்காணலில் சுரங்கத்தைப் பற்றிப் பேசாமல் கமாய்ஷியையும் ஹக்கையும் கேளுங்கள். தோட்டத்து அசிஸ்டன்டுகள், பொதுத் தற்காப்புப் படைத் தொண்டர்கள் செம்பிறையில் சேர்ந்து வைத்துக்கொண்டு, இந்தியாவுக்கும் ஒரு மனு போட்டு வையுங்கள்.

லீவு விஷயத்தை மானேஜரிடம் மனுப் போடும் முன்பே பேசி, கடிதமாக வாங்கிவிடுங்கள். பயணத் தேதியையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. மேலே சொன்ன மூன்று வெள்ளமும் அந்த மாதங்களில்தான் வந்தன. அப்போது இடம் கிடைத்தால் அடுத்த தொகுதிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். மழைக் காலத்தில் மண்டபத்தில் பாய் விரிக்க ஊருக்கு ஆள் வேண்டும்.