குவாரி டிப்பருக்கு எந்த ஆயில், எந்த ஃபில்டர்: ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

கிரஷர் ரோட்டில் ஓடும் டிப்பரின் இன்ஜின் ஆயுளை முதலில் குறைப்பது தூசி. ஆயில் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் ஏர் ஃபில்டரில் இருந்தே ஆரம்பிக்கிறோம்.

ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மாவு மாதிரி தூசி ஒட்டினால் சீலிலோ கிளாம்பிலோ கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையில் ஆயில் ஊற்றினாலும் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேயும். ஏர் ஃபில்டருக்குள் வெளி எலிமென்ட், உள் எலிமென்ட் என்று இரண்டு வடிகட்டிகள் இருக்கும். வெளி எலிமென்ட்டை டயரில் தட்டுவது பெரிய தப்பு. விளிம்பு நசுங்கி சீல் உட்காராது. ஃபில்டர் அடைத்ததைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டிய பிறகு கழற்றினால் போதும். ஏர் அடிப்பதானால் 2 பார் பிரஷருக்குள், உள்ளிருந்து வெளியே. பிறகு உள்ளே பல்பை விட்டுப் பார்த்து, ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். உள் எலிமென்ட்டைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அவற்றுக்கு 15டபிள்யூ-40 கெட்டித்தன்மையும் சிகே-4 தரமும் உள்ள ஆயில், அல்லது மேனுவல் சொல்லும் கிரேடு. சிகே-4-இல் சல்ஃபேட்டட் சாம்பல் (ஆயில் எரிந்தபின் மிஞ்சுவது) 1 சதவீதத்தைத் தாண்டாது. டிபிஎஃப்-ஐச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் ரீஜெனில் கரி எரிந்துவிடும். சாம்பல் எரியாமல் தங்கி டிபிஎஃப்-ஐ அடைக்கும். பழைய பிஎஸ்-3 வண்டிக்கு சிஐ-4 பிளஸ் தர ஆயில் தாராளம். ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமக்கிறது என்றுதான் அர்த்தம். நிறத்தை நம்புவதைவிட, சூடாக வடியும்போது நடுவில் சாம்பிள் பிடித்து லேபுக்கு அனுப்புவது மேல். சிலிக்கனும் இரும்பும் சேர்ந்து ஏறினால் தூசி, சோடியம் ஏறினால் கூலன்ட், ஆயில் நீர்த்திருந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

குவாரி வண்டி கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் இன்ஜின் நாள் முழுக்க ஓடுகிறது. மணிக்கணக்கு வைத்து ஆயில் மாற்றுங்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஆயில் ஃபில்டரின் கேஸ்கட் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் புதுசு உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும். விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். புது கேஸ்கட்டில் ஆயில் தடவி, தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும். ஸ்பேனர் வேண்டாம். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டினால் நுரைக்கும்.

விலை மலிவான ஆயில் ஃபில்டரில், இன்ஜின் நின்றதும் ஆயில் வடிந்துபோகாமல் தடுக்கும் ஆன்டி-டிரெய்ன் வால்வு கெட்டியாக இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி கடகடவென்று கேட்பது பெரும்பாலும் அதனால்தான். டீசல் ஃபில்டரை மாற்றும்போது கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள், ஹேண்ட் பம்ப்பால் ஏற்றுங்கள். வடிகட்டாத டீசல் நேராக இன்ஜெக்டருக்குப் போய்விடும். டீசலில் உள்ள தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைத் தினமும் காலையில் திறந்து விடுங்கள்.

ஆயிலில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வடிகட்டும் பைபாஸ் ஃபில்டர் நல்ல சாமான்தான். சாதா ஃபில்டர் விட்டுவிடும் நுண்ணிய கரியையும் பிடிக்கும். ஆனால் அது நெடுந்தூரம் ஓடும் லைன் லாரிக்கு, நீண்ட ஆயில் இடைவெளிக்கு ஏற்றது. அடிக்கடி ஆயில் மாறும் டிப்பரில் அந்தப் பணத்துக்கு உள் எலிமென்ட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வோம்.